இம்ப்ரெஷனிச ஓவியமும் இசையும் கொண்டு கிறிஸ்தவ வீட்டுக்கல்வியின் காலை வேளையைத் திட்டமிடுதல்: 12 வாரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி கற்பிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில், கணக்கும் எழுத்துப் பயிற்சியும் தொடங்குவதற்கு முன்பாக, பெரியவர் சிறியவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வேதம் வாசித்து, பாடி, ஜெபித்து, ஓர் ஓவியத்தைப் பார்த்து, ஓர் இசையைக் கேட்கும் வேளை ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதனை மார்னிங் டைம் என்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு வழிகாட்டியாகப் பலரும் கொள்வது, இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த ஷார்லட் மேசன் (1842–1923) வகுத்த முறையைத்தான். ஒரு பருவத்துக்கு ஒரே ஓவியர், அவருடைய ஆறு ஓவியங்கள், பார்த்ததையும் கேட்டதையும் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லுதல் என்பவை அந்த முறையின் அடிப்படைகள். குடும்ப ஜெபம் வழக்கத்தில் உள்ள நம் வீடுகளில் இதற்கான அஸ்திவாரம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அதன்மேல் கட்டினால் போதும்.

நான் இங்கே சொல்லும் திட்டம் ஒரே ஓவியரை எடுத்துக்கொள்ளாமல், 1870-களில் பாரிஸில் ஒன்றுசேர்ந்த இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற ஓவியர் குழுவையும், அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர்களையும் எடுத்துக்கொள்கிறது. இம்ப்ரெஷனிச ஓவியர்கள் ஒரு குறிப்பிட்ட வேளையில், ஒரு குறிப்பிட்ட வானிலையில், வெளிச்சம் ஒரு பொருளின்மேல் எப்படி விழுகிறது என்பதை மட்டும் உற்றுப் பார்ப்பதற்காகத் தங்கள் வாழ்நாளைச் செலவிட்டவர்கள். ‘காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்’ என்று ஆண்டவர் நமக்குக் கட்டளையிட்டிருக்க, அவசரப்படாமல் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர இவர்களைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. ஆகையால் இந்தத் திட்டத்தில் ஓவியங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒவ்வொன்றிலும் செலவிடும் நேரமே அதிகம்.

நேரமும் வரிசையும்

நாற்பது நிமிடங்களை ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடம் ஜெபத்துக்கும் அந்த இரு வாரங்களுக்குரிய சங்கீதத்துக்கும். அடுத்த ஐந்து நிமிடம் ஒரு பாமாலைப் பாட்டுக்கோ கீர்த்தனைக்கோ. அடுத்த ஐந்து நிமிடம் மனப்பாட வசனத்துக்கு. பத்து நிமிடம் ஓவியத்துக்கு அல்லது இசைக்கு. கடைசிப் பத்து நிமிடம் ஒரு நல்ல புத்தகத்தை உரக்க வாசிக்க. ஓவியமும் இசையும் ஒரே நாளில் வேண்டாம். திங்களும் புதனும் ஓவியம், செவ்வாயும் வியாழனும் இசை என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை அந்தப் பத்து நிமிடத்தை வாசலிலோ மொட்டை மாடியிலோ கழிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். பாட்டு மட்டும் இரண்டு வாரமும் ஒன்றே இருக்கட்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகூட அந்தக் காலத்துக்குள் எல்லா அடிகளையும் பாடிவிடும்.

ஆறு ஓவியங்களையும் அவற்றுக்குரிய இசையையும் தெரிந்தெடுத்தல்

இரண்டு வாரத்துக்கு ஓர் ஓவியம், ஓர் இசை, ஒரு சங்கீதம். இவை மூன்றும் ஒரே பொருளைத் தொட்டுச் செல்லுமாறு இணைப்பதுதான் திட்டமிடுவதில் அதிகச் சிந்தனை தேவைப்படும் வேலை.

முதல் இணை விடியல். க்ளோட் மோனே 1872-இல் லெ ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ என்ற ஓவியத்திலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் இந்த இயக்கத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். 1874 ஏப்ரல் 15 அன்று, பாரிஸின் கபுசீன் பெருந்தெருவில் புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோவில், அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சியை நம்பியிராமல் சுமார் முப்பது ஓவியர்கள் தாங்களே நடத்திய கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. லூயி லெருவா என்ற விமர்சகர் தலைப்பிலிருந்த ‘இம்ப்ரெஷன்’ (மனப்பதிவு) என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று கேலி செய்தார், பெயர் நிலைத்துவிட்டது. படத்தின் கருப்பு வெள்ளை அச்சு ஒன்றையும் எடுத்துக் காட்டுங்கள். செக்கச் சிவந்து எரிகிற அந்தச் சூரியன் ஏறக்குறைய மறைந்துபோகும், ஏனென்றால் மோனே அதனை வானத்தைவிட வெளிச்சமாகத் தீட்டவில்லை. நிறத்தால் மட்டுமே பிரித்துக் காட்டியிருக்கிறார். இதனுடன் க்ளோட் தெபுஸ்ஸி 1905-இல் முடித்த ‘லா மெர்’ என்ற கடல் இசையின் முதல் பகுதியைக் கேளுங்கள். ‘கடலின்மேல் விடியலிலிருந்து நண்பகல் வரை’ என்பது அதன் பெயர்; ஏறக்குறைய ஒன்பது நிமிடம். சங்கீதம் 104-ஐ வாசித்தால், ஒளியை வஸ்திரமாகத் தரித்தவரைப் பற்றிய இரண்டாம் வசனமும் பெரிதும் விஸ்தாரமுமான சமுத்திரத்தைப் பற்றிய 25-ஆம் வசனமும் ஒரே சங்கீதத்தில் அமைகின்றன.

இரண்டாவது இணை பனி. காமீல் பிஸ்ஸாரோவின் ‘உறைபனி’ (1873) அதே முதல் கண்காட்சியில் இருந்தது. இசைக்கு, தெபுஸ்ஸி தம் சிறுமகளுக்கு அர்ப்பணித்த ‘சில்ட்ரன்ஸ் கார்னர்’ (1908) என்ற பியானோத் தொகுப்பின் நான்காம் துண்டான ‘பனி நடனமாடுகிறது’. சங்கீதம் 147. அதன் 16-ஆம் வசனத்தில் ‘சாம்பலைப்போல உறைந்த பனியைத் தூவுகிறார்’ என்று வருகிறது. பிஸ்ஸாரோவின் வயல்மேல் படிந்திருப்பது அதுவேதான். இந்தத் தொகுப்பின் கடைசித் துண்டின் தலைப்பு, கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக்கிய ஒரு பொம்மையின் பெயரைக் கொண்டது. அதனைச் சிறு பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்; பெரிய பிள்ளைகளுடன் கேட்டால் அந்த வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது இணை தொட்டில். பெர்த் மொரிஸோ 1872-இல் தம் சகோதரி எத்மாவும் அவருடைய கைக்குழந்தையும் இருக்கும் காட்சியை ‘தொட்டில்’ என்ற ஓவியமாக வரைந்தார். அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாயின் மடங்கிய கையும் தூங்கும் குழந்தையின் மடங்கிய கையும் ஒன்றுக்கொன்று எதிரொலிப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மொரிஸ் ரவேல், நண்பர் ஒருவரின் இரண்டு பிள்ளைகள் ஒரே பியானோவில் சேர்ந்து வாசிப்பதற்காக எழுதிய ‘மா மேர் லுவா’ தொகுப்பின் முதல் துண்டு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தாலாட்டைப் போல மெதுவாக நடக்கும். சங்கீதம் 131-க்கு மூன்றே வசனங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்துவிடலாம்.

நான்காவது இணை பேராலயம். இதற்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும் தகும். மோனே 1892-இலும் 1893-இலும் ரூவான் நகரப் பேராலயத்துக்கு எதிரே அறை எடுத்துக்கொண்டு, பல திரைச்சீலைகளை வரிசையாக வைத்து, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, ஒரே முகப்பைச் சுமார் முப்பது முறை வரைந்தார். அவற்றில் இருபதை 1895-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். காலை, நண்பகல், மாலை ஆகியவற்றைக் காட்டும் மூன்றை மட்டும் தெரிந்தெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இசை, தெபுஸ்ஸியின் ‘மூழ்கிய பேராலயம்’ (1910), சங்கீதம் 84.

ஐந்தாவது மழை. குஸ்தாவ் கையபோத்தின் ‘பாரிஸ் தெரு, மழை நாள்’ (1877) இரண்டு மீட்டருக்கும் அதிக உயரமும் ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் அகலமும் கொண்டது. அந்த அளவைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டுங்கள். தெபுஸ்ஸியின் ‘மழையில் தோட்டங்கள்’ (1903) என்ற பியானோத் துண்டுக்குள் இரண்டு பிரெஞ்சு குழந்தைப் பாட்டுகள் ஒளிந்திருக்கின்றன. சங்கீதம் 65.

கடைசி இணைக்கு மோனேயின் நீர் அல்லிகள். அவர் 1883-இல் ஜிவெர்னி கிராமத்துக்குக் குடிபோய், அங்கே குளம் வெட்டி, தம் கடைசி ஆண்டுகளைப் பெரும்பாலும் அதனை வரைவதிலேயே கழித்தார். கண்புரை அவருடைய பார்வையை மங்கச்செய்தபோதும், 1923-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் அவர் வரைவதை விடவில்லை. இதனுடன் லிலி புலான்ஜேயின் இசையை வைக்கிறேன், இந்தத் திட்டம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 1913-இல், பிரான்ஸ் இளம் கலைஞர்களுக்கு அளித்துவந்த ரோம் பரிசின் முதலிடத்தை இசைக்காக வென்ற முதல் பெண் அவர். சிறு வயதிலிருந்தே நோயோடு போராடி, 1918 மார்ச் 15 அன்று 24 வயதில் இறந்தார். பத்து நாள் கழித்துத் தெபுஸ்ஸியும் இறந்தார். நோயின் நடுவே லிலி 24, 129, 130 ஆகிய சங்கீதங்களுக்குப் பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்த இசை அமைத்தார். ‘பூமியும் அதின் நிறைவும்’ என்று தொடங்கும் 24-ஆம் சங்கீதத்துக்கான இசை சுமார் நான்கு நிமிடம்தான். ஆர்கனும் பித்தளை ஊதுகருவிகளும் முழங்கும் அதனைப் பிள்ளைகளுக்குக் கேட்கச் செய்யுங்கள். பெரிய பிள்ளைகள் ‘ஆழங்களிலிருந்து’ கூப்பிடும் 130-ஆம் சங்கீதத்தையும் கேட்கலாம். அது நீளமானது, இருண்டது, ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

ஓவியங்களைத் திரையில் காட்டாமல் அச்செடுத்துக் காட்டுவதை நான் வலியுறுத்துகிறேன். திரை தானே ஒளிவிடுகிறது, வெளிச்சத்தைப் பற்றிய ஓவியத்துக்கு அது பொருந்தாது. மேலும், கையில் ஃபோன் இருக்கும்போது பிள்ளையின் கண் படத்தில் நிற்பதில்லை. சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், வாஷிங்டனின் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவை தங்களிடம் உள்ள, பதிப்புரிமை முடிந்த ஓவியங்கள் பலவற்றின் தெளிவான படங்களை இலவசமாகப் பதிவிறக்கத் தருகின்றன. கையபோத்தின் மழைத் தெரு சிகாகோவிலும், ரூவான் பேராலயங்களில் இரண்டு வாஷிங்டனிலும் இருக்கின்றன. பளபளப்பில்லாத மேட் தாளில் ஏ4 அளவில் கலர் பிரிண்ட் எடுங்கள். லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் அடித்துப் பாதிப் படம் தெரியாது.

பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இணையத்தில் படம் தேடாதீர்கள். இதே ஓவியர்கள் நிர்வாண உருவங்களையும் வரைந்திருக்கிறார்கள். தேடல் பக்கம் எல்லாவற்றையும் கலந்துதான் தரும். இசையிலும் அதே கவனம் தேவை. தெபுஸ்ஸியின் மிகப் புகழ்பெற்ற வாத்திய இசைகளில் ஒன்றான ‘ஃபானின் பிற்பகலுக்கு முன்னிசை’ (1894; ஃபான் என்பது பாதி மனிதன், பாதி ஆடான புராண உருவம்), தனிக் குழலில் தொடங்கும் அழகான பத்து நிமிடம் என்றாலும், அதற்கு ஆதாரமான கவிதை காம இச்சையைப் பற்றியது. பதின்பருவத்துக்கு முந்திய பிள்ளைகளுக்கு அதனை நான் தெரிந்தெடுக்க மாட்டேன்.

இசைக்கு ஃபோனின் சிறு ஒலிபெருக்கி போதாது. ‘மூழ்கிய பேராலயம்’ அடிமட்ட ஸ்வரங்களில் நிற்பது. அவை கேட்காவிட்டால் பேராலயம் எழும்பவே எழும்பாது. சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் போதும். நடுவில் விளம்பரம் வராதபடி இசையை முந்தின இரவே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியத்தைப் பார்க்கும் முறை

படத்தைப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் நிறுத்துங்கள். ஓவியரின் பெயரையும் தலைப்பையும் மட்டும் சொல்லுங்கள். மூன்று நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கட்டும். சிறியவருக்கு ஒரு நிமிடம் போதும். பிறகு படத்தைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். கடைசிப் பிள்ளை முதலில் சொல்லட்டும், மூத்தவர் விட்டதை நிரப்பட்டும். அதன் பின் படத்தை மறுபடி திருப்பிப் பார்க்கும்போதுதான் உண்மையான பார்வை தொடங்குகிறது.

பிஸ்ஸாரோவின் ‘உறைபனி’யை எடுத்துக்கொள்வோம். உழுத வயல், அதன் நடுவே பாதை, முதுகில் சுள்ளிக் கட்டைச் சுமந்துகொண்டு நடக்கும் ஒரு முதியவர். முதல் முறை பிள்ளைகள் இவற்றைச் சொல்வார்கள். இரண்டாம் முறை படத்தைத் திருப்பியதும், ‘வயலின் குறுக்கே நீலமாக நீண்டு கிடக்கிறதே, அது என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். நிழல் என்பார்கள். எதன் நிழல்? மரங்களின் நிழல். அந்த மரங்கள் எங்கே? படத்தில் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அவை ஓவியர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், அதாவது நமக்குப் பின்னால் நிற்கின்றன என்று ஒரு பிள்ளை சொல்லும் வரை காத்திருங்கள். 1874-இல் விமர்சகர்களுக்குப் பிடிக்காமல் போனவற்றுள், கண்ணுக்குத் தெரியாத மரங்களின் இந்த நிழலும் ஒன்று. சூரியன் எங்கே இருக்கிறது, நேரம் என்ன, நிழலுக்கு ஏன் கருப்பு நிறம் இல்லை என்ற கேள்விகளெல்லாம் அதிலிருந்தே பிறக்கும். புதன்கிழமைக்கு இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்.

படம் பார்த்தவுடன் அதனை ஒரு வசனத்துக்கு விளக்கமாக்கிவிடும் ஆவல் நமக்கு வரும். அதனை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காலையில் சங்கீதம் 147 வாசிக்கப்பட்டிருக்கிறது, படம் பார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் இணைப்பதைப் பிள்ளையின் மனதுக்கு விட்டுவிடலாம்.

இசையைக் கேட்கும் முறை

முதல் செவ்வாயன்று எதுவும் சொல்லாமல் ஒரு முறை கேளுங்கள். வியாழனன்று பின்னணியைச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். அடுத்த வாரம் இரண்டு நாளும் கேட்டால், பிள்ளைகள் சமையலறையில் அதனை முணுமுணுப்பதை நீங்களே கேட்பீர்கள்.

‘மூழ்கிய பேராலயம்’ ஆறு நிமிடத்துக்குச் சற்று முன்பின் ஓடும் தனிப் பியானோ இசை. பிரிட்டனி கடற்கரையின் பழங்கதை ஒன்றில், பாவத்தினிமித்தம் கடலில் அமிழ்ந்துபோன ஈஸ் என்ற நகரத்தின் பேராலயம் சில விடியற்காலங்களில் நீரைவிட்டு எழும்பி, மணியோசையும் குருமாரின் பாட்டும் கேட்கச் செய்து, திரும்பவும் அமிழ்ந்துவிடும். இது கதை என்பதைச் சொல்லியே சொல்லுங்கள். இசை மிக மெல்லிய, வெறுமையான ஸ்வரக்கூட்டங்களோடு மூடுபனிக்குள் தொடங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வலுத்து, மணிகள் அடிக்க, ஆர்கன் முழங்குவதைப் போன்ற பெரும் ஒலியை எட்டுகிறது. பிறகு அதே ராகம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல மங்கலாகத் திரும்புகிறது. தொடக்கத்து ஸ்வரங்களோடு அடங்குகிறது. கண்களை மூடிக்கொண்டு கேட்கும் பிள்ளைகளிடம், பேராலயம் முழுவதுமாக வெளியே வந்துவிட்டது என்று தோன்றும் நொடியில் கையை உயர்த்தச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயரும். இது தெபுஸ்ஸியின் ‘முன்னிசைகள்’ என்ற பியானோத் தொகுப்பைச் சேர்ந்தது; அதில் அவர் தலைப்புகளை ஒவ்வொரு துண்டின் இறுதியிலேயே அச்சிட்டார். ஆகையால் ஒரு முறையாவது தலைப்பைச் சொல்லாமல் கேட்பது அவர் வைத்த ஒழுங்குக்கு ஏற்றதே.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி சொல்லலாம். இம்ப்ரெஷனிசம் என்ற அடைமொழியைத் தெபுஸ்ஸி விரும்பவில்லை. 1887-இல் அவருடைய ஒரு படைப்பைப் பற்றி பிரெஞ்சுக் கலைக்கழகம் கொடுத்த அறிக்கையில் ‘தெளிவற்ற இம்ப்ரெஷனிசம்’ என்ற எச்சரிக்கைச் சொல்லாகத்தான் அது முதலில் வந்தது. நாம் ஓவியத்தையும் இசையையும் இணைத்துவைப்பது சரிதானா என்று அவர்கள் வாதிடட்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல் அப்படிப்பட்ட வாதம் மிகவும் பயன் தரும்.

ஓவியர்களின் விசுவாசத்தைப் பற்றிய கேள்வி

‘மோனே ஆண்டவரை நம்பினாரா?’ என்று பிள்ளை கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள். பிஸ்ஸாரோ யூதக் குடும்பத்தில் பிறந்து மத நம்பிக்கையைவிட்டு விலகியவர், மோனே மதப்பற்றில்லாதவர், பேராலயத்தை முப்பது முறை வரைந்தபோதும் அவர் வரைந்தது கல்லின்மேல் விழுந்த வெளிச்சத்தைத்தான், விசுவாசத்தை அல்ல. அவர்களைச் சபை அங்கத்தினர்களாக ஆக்கிக் காட்டுவது பொய்ச்சாட்சி. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிற பிதா, தம்மை அறியாதவர்களுக்கும் கண்ணையும் கைத்திறனையும் தந்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்வது நல்லது. இதனைப் பொதுவான கிருபை என்று நம் போதகர்கள் விளக்குவார்கள்.

வெள்ளிக்கிழமை வெளியே

வீட்டு வாசலிலிருந்து தெரியும் ஒரு சுவரையோ மரத்தையோ தெரிந்தெடுத்து, பன்னிரண்டு வாரமும் அதையே பாருங்கள். சில வாரங்களில் காலையில் மட்டுமல்லாமல், அதே நாள் நண்பகலிலும் மாலை ஐந்து மணிக்கும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நிழலின் நிறம் என்ன என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். கருப்பு என்று எழுதக் கூடாது என்பதே ஒரே விதி. வெள்ளையடித்த சுவரில் காலை நிழல் நீலமாகத் தெரிவதை ஒரு முறை கண்டுகொண்ட பிள்ளைக்கு மோனேயைப் பற்றி நீங்கள் விளக்க வேண்டியது குறைந்துவிடும். வாட்டர்கலர் பெட்டியில் உள்ள கருப்பு வில்லையை இந்தப் பருவம் முடியும் வரை எடுத்து வைத்துவிடுங்கள். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்த தகரக் குழாய் வந்த பிறகுதான் எண்ணெய் வண்ணத்தை வயல்வெளிக்கு எளிதாக எடுத்துச் செல்ல முடிந்தது, அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஆண்பிள்ளைகள் அந்தப் பருவம் முழுக்க வேறெதையும் மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள்.

பருவத்தின் இறுதியில்

கடைசி வாரத்தில் தேர்வு வையுங்கள், ஆனால் தேதிகளைக் கேட்காதீர்கள். ஆறு ஓவியங்களில் ஒன்றை நினைவிலிருந்து விவரிக்கச் சொல்லுங்கள். சிறியவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர் எழுதட்டும் அல்லது பென்சிலால் அதன் அமைப்பை மட்டும் கோட்டுருவமாக வரையட்டும். இசையில் ஆறையும் முதல் அரை நிமிடம் வாசிக்கவிட்டு, எது எது என்று கேளுங்கள். சங்கீதம் 131-ஐயும் 24-ஐயும் குடும்பமாகச் சேர்ந்து சொல்லுங்கள். பதில்களில் தேதியிட்டு ஒரு கோப்பில் வைத்துவிட்டு, ஆறு படங்களையும் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுங்கள்; அடுத்த பருவத்துக்கு இந்தக் குழுவிலேயே பிள்ளைகள் மிகவும் நேசித்த ஒருவரை அவர்களே தெரிந்தெடுக்கட்டும், அப்போது மேசன் சொன்ன முறைப்படியே ஒரே ஓவியரின் ஆறு படங்களை எடுத்துக்கொள்ளலாம்.